சோகப் பாட்டின் மேல் பழி வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இசையும் மனநலமும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உறவு முறிந்து மனம் நொந்திருப்பவர்கள் சோகப் பாட்டின் பக்கமே போகக்கூடாது, துள்ளலான பாட்டுகளாகப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்கு அப்படியொரு நிலை வந்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வரவும் வேண்டாம்.

நான் காரைக்காலில் பிறந்தவள். கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு வந்து, இப்போது செயின்ட் ஆந்த்ரேயில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறேன். என் கணவர் வேலை மாற்றம் என்று பாரிஸ் பக்கம் போனார். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அதற்குப் பிறகு வக்கீல் கடிதம். இதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை. இங்கே தெருவுக்கு ஒரு வீட்டில் இந்தக் கதை உண்டு.

கட்டுரையாளர் சொல்லும் வைத்தியத்தை என் தோழிகளும் செய்து பார்த்தார்கள். கல்யாண வீட்டில் போடுகிற பாட்டுகளாக அனுப்பிக் குவித்தார்கள். தையல் மெஷின் ஓடும் வேகத்துக்கு அவை பொருத்தமாகத்தான் இருந்தன, மறுக்கவில்லை. மெஷினை நிறுத்தினால்தான் தொல்லை. யார் வீட்டு விசேஷத்துக்கோ அழைப்பில்லாமல் போய் உட்கார்ந்துவிட்டு வந்த மாதிரி ஒரு கூச்சம்.

அப்போதுதான் திருநள்ளாற்றில் இருக்கும் என் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டைப் பாடி அனுப்பினாள். தீண்டாமைக்கு ஆளான சிவபக்தர் நந்தனாரின் கதையைப் பாடும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் வரும் ‘வருகலாமோ ஐயா’. அடுப்படியில் நின்றுகொண்டே பாடியிருக்கிறாள். நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது. அக்கா நிறுத்தவில்லை. விசில் அடங்கும்வரை அந்த ஓர் எழுத்திலேயே கார்வை கொடுத்துக் காத்திருந்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறாள். ‘தைரியமாக இரு’, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று முன்னும் பின்னும் ஒரு வார்த்தை கிடையாது. பாட்டு முடிந்தது, பதிவும் முடிந்தது.

பாட்டு மாஞ்சி ராகம், மிஸ்ர சாபு தாளம். மாஞ்சி, பைரவிக்கு நெருங்கிய உறவு. ஆனால் பைரவியின் கம்பீரத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. தலையைத் தாழ்த்திக்கொண்டே வரும் ராகம். தாளம் மூன்றும் நான்குமாக ஏழு. தகிட, தகதிமி. விளம்பத்தில், அதாவது மெதுவான நடையில், பாடும்போது அவசரப்படவே விடாது. ஊக்கு தைக்கும்போது என்னை அறியாமல் முழங்காலில் அந்தத் தாளத்தைப் போட்டுக்கொண்டிருப்பேன்.

இந்தப் பாட்டு எனக்கு என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். மனம் உடைந்தவள் நாள் முழுக்க என்ன செய்கிறாள்? ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பித் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். சோறு வடிக்கும்போதும் அதுதான், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் அதுதான். கேட்பவர்களுக்கு அலுத்துவிடும், ‘இன்னுமா அதையே நினைக்கிறாய்’ என்பார்கள். பல்லவியும் ஒரே வரியைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறது, அதை யாரும் குறை சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சங்கதி, அதே வரியைப் பாடும் புது விதம், கூடுகிறது, குரல் கொஞ்சம் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறது. என் புலம்பல் செக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதே சொற்களைச் சுற்றிவந்தும் நகர முடியும் என்று அக்காவின் குரல் காட்டிக்கொடுத்தது. துள்ளல் பாட்டுக்கு இது கைவராது. அது என் வாக்கியத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறொன்றைக் கையில் திணிக்கிறது.

இன்னொன்று, இந்தப் பாட்டில் சண்டை இல்லை. நந்தனாருக்குச் சண்டை போட எல்லா நியாயமும் இருந்தது. தில்லை வரை வந்தவரைச் சாதி எல்லையிலேயே நிறுத்திவிட்டது. அவர் அங்கிருந்தபடி, பக்கத்தில் வந்து பாட அனுமதி கேட்கிறார். நான் அந்த நாட்களில் கணவரிடம் கேட்க ஒரு பட்டியல் வைத்திருந்தேன். எல்லாம் ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகள். பாட்டைக் கேட்கக் கேட்க அந்தப் பட்டியல் எனக்கே சலித்துவிட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த இதழில் என்னைத் திட்டிக் கடிதம் வரும். ஒரு பெண்ணின் குடும்பக் கவலையையும் தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியை வெளியே நிறுத்தியதையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. தீயில் இறங்கிக் குளித்த பிறகே நந்தனார் உள்ளே போக முடிந்தது என்ற முடிவும் எனக்கு உடன்பாடில்லை. தீமிதி இல்லாத ஆண்டே இல்லாத ஊரில் இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன். கதையோடு எனக்கு வழக்கு உண்டு, பாட்டோடு இல்லை.

இந்தத் தீவுக்கும் அந்தப் பாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது உங்கள் வாசகர்கள் பலருக்குப் புதிதாக இருக்கலாம். கோபாலகிருஷ்ண பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர். காரைக்காலில் பிரெஞ்சு அரசு அதிகாரியாக இருந்த சிசே என்பவரின் ஆதரவில் நந்தனார் சரித்திரம் அச்சேறியதாகச் சொல்வார்கள். 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு, ரீயூனியன் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ஏற்றிய கப்பல்கள் புறப்பட்ட துறைகளில் காரைக்காலும் ஒன்று; 1882-இல்தான் அது நின்றது. பாரதியாரின் கதையில் நந்தன் பண்ணையாள். சிதம்பரம் போய்வர ஆண்டையிடம் கெஞ்சுகிறான். நாற்பது வேலி நிலத்து வேலையை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். கப்பலேறியவர்களில் யாராவது அந்தப் பாட்டை வாயில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் ஆசை.

2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் சூறாவளி தீவின் வடக்கே அடித்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் என் வீட்டில் வந்து தங்கினார்கள். அவர்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. பெரியவர் ஒரு காலத்தில் இங்கே இரவு முழுக்க நடக்கும் தமிழ்க் கூத்தில் பாடியவர். பேசுவது க்ரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவு மொழி. தமிழ்ப் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிய நோட்டைப் பார்த்துத்தான் பாடுவார். மின்சாரம் போய்விட்டது. கைபேசியில் கொஞ்சம்தான் சார்ஜ். அவசரத்துக்கு வேண்டும், தொடாதே என்று அந்த அம்மாள் கண்டித்தும் நான் அக்காவின் பாட்டைப் போட்டேன். பெரியவர் மேஜையில் விரலால் தாளம் போட்டார். ஏழு எண்ணிக்கையில் ஓர் இடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும், “இவன் யாரைப் பிரிந்தான்?” என்று கேட்டார். யாரையும் பிரியவில்லை, இன்னும் பார்க்கவே இல்லை என்றேன். “அப்படியானால் இன்னொரு தடவை போடு” என்றார். போட்டேன். அந்த அம்மாள் என்னோடு பேசாமல் ஜன்னல் கட்டையை மறுபடி இறுக்கப் போய்விட்டார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நந்தனார் சரித்திரத்தில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பாராட்டு எழுதித் தராமல் தள்ளிப்போட்டதையும், பாரதியார் பாடக் கேட்ட பிறகு மனமிளகி எழுதித் தந்ததையும் உ.வே.சா. சொல்லியிருக்கிறார். இலக்கணம் தெரிந்தவரையே இளக்கிய பாட்டு, தமிழ்ப் பேச்சே தெரியாத கூத்துக்காரரையும் விடவில்லை. ‘சோகம்’ என்ற ஒரு சீட்டை ஒட்டி இதை அலமாரியில் பூட்டச் சொன்னால் எப்படி?

வக்கீல் அனுப்பிய தாள்களில் பின்னர் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது பாட்டின் மகிமை என்று சொல்ல மாட்டேன்; அக்கா போன் செய்து அதட்டியதும் ஒரு காரணம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இசைச் சிறப்பிதழில் நந்தனார் கீர்த்தனைகள் சிலவற்றையாவது சுரக்குறிப்போடு, எல்லாச் சரணங்களோடும் வெளியிடுங்கள். சாதிப் பெயர் வருகிற வரிகளை ஓசைப்படாமல் வெட்டிவிடாமல், இன்று அவற்றைப் பாடலாமா, எப்படிப் பாடுவது என்று தெரிந்தவர்களைக் கொண்டு பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத்து கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும். இங்கே தமிழ் கற்கும் பிள்ளைகள் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செயின்ட் ஆந்த்ரே, ரீயூனியன்