மீட்டர் வாசலில், செலவு மாடியில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வீட்டுக் குடிநீர் மீட்டர்களில் சென்சார் பொருத்தி, எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் சென்னையில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதை அந்தக் கட்டுரை பார்க்கவே இல்லை. மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். தண்ணீர்க் கணக்கோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் சொன்ன மீட்டர், தெருக் குழாயிலிருந்து கட்டடத்துக்குள் வரும் இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இணைப்பு நேராகப் போய் விழுவது தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில், அதாவது சம்ப்பில். தெருவில் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் மீட்டர் ஓடும். மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும். நாம் குளிப்பது, துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீரில். சம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவே மோட்டார். இது போதாதென்று போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் வாசல் மீட்டரைத் தொடாமலே உள்ளே வந்துவிடுகின்றன. கோடையில் எங்கள் கட்டடத்தில் பாதிக்கு மேல் லாரித் தண்ணீர்தான். அப்படியிருக்க, வாசலில் எவ்வளவு விலை உயர்ந்த சென்சார் வைத்தாலும் அது சொல்வது வரவை மட்டும். செலவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அந்த வரவுக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்காத குழாயில், திறந்துவிட்டவுடன் முதலில் வருவது காற்று. 'புஸ்'ஸென்று சத்தம் கேட்கும், மீட்டர் முள் பம்பரமாகச் சுற்றும். தண்ணீர் பிறகுதான் வரும். தெருக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவர்கள் இருக்கும் தெருவில் இது இன்னும் மோசம். கோயம்புத்தூரில் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்கு 2018-ல் ஒப்பந்தம் போட்டார்கள். ஒடிசாவின் புரி நகரில் 2021-லிருந்து 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருகிறது. அப்படிக் குழாய் எந்நேரமும் நிறைந்திருக்கும் ஊரில் வாசல் மீட்டரை நம்பலாம். நம் தெருவில் காற்றுக்கும் சேர்த்துக் காசு கேட்டால் சண்டைதான் வரும்.

அப்புறம், "பழைய மீட்டரிலேயே சென்சாரைப் பொருத்திக்கொள்ளலாம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார் கட்டுரையாளர். பொருத்தலாம்தான். முள்ளோடு சேர்ந்து ஒரு சின்னக் காந்தம் சுற்றும். அது ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் மேலே ஒட்டியிருக்கும் சுவிட்ச் ஒரு தடவை தட்டும். ஒரு தட்டுக்கு இத்தனை லிட்டர் என்று எண்ணி ரேடியோவில் அனுப்பும். ஆனால் முள் நகர்ந்தால்தானே காந்தம் சுற்றும்? நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் அரை அங்குல 'பி' வகை மீட்டர், மணிக்கு 30 லிட்டருக்குக் குறைவாக ஓடும் தண்ணீரைத் துல்லியமாகக் காட்ட வேண்டும் என்று தர விதியே கேட்பதில்லை. வினாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டுக்குக் கால் மில்லி என்றால்கூட ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு என்று பார்த்தால் ஒரு லிட்டர்கூட இல்லை. முள் அசையவே அசையாது. சென்சார் 'ஒழுகல் இல்லை' என்று பச்சை விளக்கு காட்டும்.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். மாடி டேங்கிலிருந்து இறங்கும் மெயின் குழாயில், அது கிளை பிரிவதற்கு முன்னால், ஒலி அலைகளை வைத்து ஓட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர் ஒன்று போட்டோம். அதில் சுற்றுகிற பாகமே கிடையாது. அதனால் மெதுவான ஓட்டமும் தெரியும். எங்கள் போர் தண்ணீரில் இருக்கும் இரும்புக் கசடு அடைத்துக்கொள்ளும் தொல்லையும் குறைவு. முக்கியமான விஷயம், மேல் மாடி வீடுகளுக்குத் தண்ணீர் அழுத்தம் குறையவில்லை. டேங்குக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் ஷவர் ஏற்கெனவே நூல் மாதிரிதான் வரும். நடுவில் இன்னொரு சக்கரத்தை மாட்டினால் அவர்கள் என்னைச் சும்மா விடுவார்களா?

மீட்டர் ஓட ஆரம்பித்ததும் பகல் கணக்கை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது விடிகாலை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை. யாராவது எழுந்து பாத்ரூம் போனால் ஓட்டம் சட்டென்று ஏறி இறங்கும்; அது வேறு. எங்களுக்குத் தெரிந்தது ஏறாமல் இறங்காமல் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், மணிக்குச் சுமார் 150 லிட்டர். ஒரு நாளைக்கு 3,600 லிட்டர். மூன்று, மூன்றரை நாளைக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்!

எந்த வீடு என்று மீட்டர் சொல்லாது. அதற்கு எங்கள் பிளம்பர் சொன்ன வழி, சொட்டு நீலம். ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து நாலைந்து சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் இருக்க வேண்டும். பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் ஒழுகியவை பெரும்பாலும் சத்தமே போடாத ஃப்ளஷ் டேங்குகள். சொட்டுகிற குழாயையாவது கண்ணால் பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது. வாஷர் விலை ஒரு டீ, வடைக் காசு. மாற்றிய பிறகு ராத்திரி ஓட்டம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். எங்களைப் போல 700 கட்டடங்கள் ஒரே நாளில் ஃப்ளஷ் டேங்க் வழியாக ஒழுகவிட்டால் அந்த ரயில் காலி.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும் இதே கதை நடந்தது. 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு போட்ட ஊர் அது. அந்தப் பஞ்சத்தின்போது ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பள்ளிக்கூடங்களின் மீட்டர்களில் சென்சார் வைத்தார்கள். பள்ளி பூட்டிக் கிடக்கும் ராத்திரியிலும் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. பிளம்பரை அனுப்பிச் சரிசெய்தார்கள். அங்கே இது சரிப்பட்டதற்குக் காரணம், பள்ளிக்கூடத்தில் ராத்திரி ஆள் இல்லை, கணக்கு சுலபம் என்பது மட்டுமல்ல. சென்சார் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஸ்பேனரோடு ஒருவர் போனார். நம்மூர்த் திட்டங்களில் செயலிக்குக் காசு ஒதுக்குவார்கள், ஸ்பேனருக்கு ஒதுக்க மாட்டார்கள்.

கட்டுரை கேட்கும் வீட்டுவாரிக் கணக்குக்கு வருகிறேன். எங்கள் சங்கத்தில் லாரிக் காசை 24 பேரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறோம். தனியாக இருக்கும் பாட்டிக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே பங்கு. இது நியாயமில்லை என்று பொதுக்குழுக் கூட்டம் தவறாமல் யாராவது எழுந்து பேசுவார்கள். உண்மைதான். ஆனால் வீட்டுக்கு ஒரு மீட்டர் போட வழியில்லை. டேங்கிலிருந்து இறங்கும் குழாய்கள் வீட்டுவாரியாக வருவதில்லை. டக்ட் வாரியாக, அதாவது குழாய்கள் இறங்குவதற்கென்று விட்ட சந்து வாரியாக வருகின்றன. ஒரு வீட்டின் இரண்டு பாத்ரூம், சமையலறை, துணி துவைக்கும் இடம் நான்குக்கும் நான்கு வெவ்வேறு குழாய்; ஒவ்வொன்றும் மேலிருந்து கீழ்வரை எல்லா மாடிக்கும் பொது. ஆகவே வீட்டுக்கு நான்கு மீட்டர், மொத்தம் 96. அத்தனைக்கும் பேட்டரி, வருஷச் சந்தா, பழுது பார்க்கும் செலவு. விலைப்பட்டியலைக் கூட்டத்தில் படித்ததும் நியாயம் கேட்டவர்கள் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் வீட்டுக்காரர் வீடு காட்டும்போதே "எத்தனை பேர்? விருந்தாளி அடிக்கடி வருவாங்களா?" என்றுதான் கேட்கிறார். மணிக்கு மணி தண்ணீர்க் கணக்கு அவர் கையில் இருந்தால், ஊரிலிருந்து அம்மா வந்து தங்கியதுகூட அவருக்குத் தெரிந்துவிடும். வீடு எந்த நாட்களில் பூட்டிக் கிடந்தது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. ஆகவே வீட்டுவாரிக் கணக்கு என்று ஒன்று வந்தால், அது அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு மட்டும் தெரியட்டும். சங்கத்துக்கு மாத மொத்தம் போதும்.

குடிநீர் வாரியத்துக்கும் கட்டட அனுமதி தருகிறவர்களுக்கும் உங்கள் இதழ் மூலமாக இரண்டு விஷயம் கேட்கிறேன். பழைய கட்டடங்களில் வாசல் மீட்டரோடு நிறுத்தாமல், மாடி டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு மீட்டர் போடும் சங்கங்களுக்குக் கட்டணத்தில் ஏதாவது சலுகை கொடுங்கள். புதிய கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே குழாய் உள்ளே போக வேண்டும், அதில் மீட்டர் வைக்க இடம் விட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். மழைநீர் சேகரிப்பை 2003-ல் அப்படித்தான் கட்டாயமாக்கினார்கள். கட்டும்போது குழாயை மாற்றி ஓட்டுவது பெரிய செலவில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு உடைத்துச் செய்ய எந்தச் சங்கத்தாலும் முடியாது. எங்கள் தெருவிலேயே இரண்டு கட்டடங்களுக்கு இப்போது தளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழாய் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை.