எலக்ட்ரானிக் இக்னிஷன் போட வர்றவங்களுக்கு நம்ம கடையிலருந்து ஒரு மடல்

வேலூர் நம்ம ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு வந்து போற எல்லாருக்கும் வணக்கம்.

பழைய பெட்ரோல் வண்டி வச்சிருக்கறவங்க இப்ப நெறைய பேரு சிபி பாயிண்ட்ட (டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள தொறந்து மூடி பிளக்குக்கு பொறி வர வைக்கற ஸ்விட்ச்ச) கழட்டிட்டு, அந்த வேலைய சென்சார் வச்சு செய்யற எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டு போடணும்னு வர்றீங்க, வில்லிஸ் ஜீப்பு, ஃபார்கோ, டாட்ஜ், செவர்லெட் பிக்கப்புன்னு தாத்தா ஓட்டின வண்டிய பேரன் எடுத்து ஓட்டறத பாக்க எங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். ஆனா வர்றவங்க எல்லாருமே கேக்கறது ஒண்ணுதான், "கிட்டு மாட்ட அரை மணி நேரம் போதும்னு டப்பாலயே போட்டிருக்குது, நீங்க எதுக்குண்ணா ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டு போ சொல்றீங்க?" நியாயமான கேள்விதான். கிட்டு மாட்ட நெஜமாவே அரை மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் ஒயரிங்குக்கு. அத ஏன் அவ்ளோ பாத்து பண்றோம்னு சொல்லத்தான் இந்த மடல்.

போன கோடையில குடியாத்தம் பக்கத்துலருந்து ஒரு செவர்லெட் பிக்கப்ப கயிறு கட்டி இழுத்துக்கினு வந்தாங்க. வேற எடத்துல கிட்டு போட்டு ஒரு மாசம் ஆவுது, காலைல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆவுது, மத்தியானம் சூடானா துப்புது, ராத்திரி ஹெட்லைட் போட்டா நின்னுபோவுது. "கிட்டு டூப்ளிகேட்டு போல"ன்னு அந்தத் தம்பி ரொம்ப நொந்துபோயிருந்தாரு. கீய ஆன் பண்ணி காயில் பிளஸ்ல மீட்டர் வச்சோம், 12 வோல்ட் காட்டுச்சு. மாட்டினவரும் இதப் பாத்துட்டுதான் சரியா இருக்குதுன்னு வுட்டிருப்பாரு. ஆனா காயில் கரண்ட் இழுக்கற நேரத்துல அதே எடத்துல வச்சா 6-க்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். கிட்டு மேல ஒரு தப்பும் இல்ல. அதுக்கு பாதி சோறுதான் போயிக்கினு இருந்திருக்குது.

இது ஏன்னு புரிஞ்சிக்க பழைய முறைய கொஞ்சம் தெரிஞ்சிக்கணும். 1910-ல கேடிலாக் காருக்கு சார்லஸ் கெட்டரிங் பண்ணிக் குடுத்தாரே, அடிப்படையில அதே பேட்டரி இக்னிஷன்தான் நம்ம வண்டிலயும் இருக்குது. பேட்டரிலருந்து கீ, கீலருந்து காயில், காயில் மைனஸ்லருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பாயிண்ட், பாயிண்ட் மூடினா எர்த், அதாவது வண்டி பாடி. பாயிண்ட் பிரியற நொடியில காயில்ல ஹை டென்ஷன் (ரொம்ப அதிக வோல்ட்டேஜ்) வந்து பிளக்குல பொறி அடிக்குது. நெறைய 12 வோல்ட் வண்டில பாயிண்ட் சீக்கிரம் கருகக்கூடாதுன்னு காயிலுக்கு முன்னாடி கரண்ட்ட கொறைக்க பீங்கான்ல ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் வச்சிருப்பாங்க, சிலதுல ரெசிஸ்டரே கண்ணுக்கு தெரியாது, ஹார்னஸ் (ஒயர் கட்டு) உள்ள ஓடற ஒயரே ரெசிஸ்டன்ஸ் ஒயரா இருக்கும், அது தெரியாமத்தான் பல பேரு ஏமாந்துடறாங்க. கரண்ட் ஓடாதப்ப அந்த ஒயர் முழுசா 12 காட்டும், ஓடும்போது பாதிய முழுங்கிடும். பாயிண்ட்டுக்கு அது பரவால்ல, அது வெறும் ஸ்விட்ச்சு. கிட்டு அப்படி இல்ல, அதுக்குள்ள இருக்கற சென்சார் வேலை செய்யணும்னா முழு வோல்ட்டேஜ் வேணும். அதனால கிட்டோட சிவப்பு ஒயர் ரெசிஸ்டருக்கு முன்னாடி சேரணும், காயில் பிளஸ்ல சேக்கறது பேலஸ்ட் இல்லாத வண்டிக்குத்தான்.

அப்போ ரெசிஸ்டரயே தூக்கிடலாமேன்னு கேப்பீங்க. தூக்கலாம், ஆனா மொதல்ல காயில அளந்து பாக்கணும். 3 ஓம் காயில்னா 12 வோல்ட்டுக்கு 4 ஆம்ப், ஒண்ணும் ஆவாது. ஒன்றரை ஓம் காயில நேரா 12-ல போட்டா 8 ஆம்ப், நாலு சிலிண்டர், ஆறு சிலிண்டர் வண்டில காயிலும் கொதிச்சு, மாட்யூலும் (கிட்டுல காயில் கரண்ட்ட வெட்டி வுடற பாகம்) போயிடும். 6 வோல்ட் வண்டிய 12-க்கு மாத்தினவங்க பழைய 6 வோல்ட் காயிலயே வுட்டு வச்சிருக்கறத நாங்க நெறைய பாத்திருக்கோம். இன்னொண்ணு, ஃபோர்டு பிக்கப்பெல்லாம் 1955 வரைக்கும் 6 வோல்ட்டு, பாசிட்டிவ் எர்த்து. அந்த மாதிரி வண்டில நெகட்டிவ் எர்த்துக்கான கிட்டு ஒண்ண மாட்டி கீய திருப்பினீங்கன்னா முடிஞ்சது கதை, அதனால பேட்டரில எந்தக் கட்டை பாடிக்குப் போவுதுன்னு நீங்களே ஒருவாட்டி பாத்துட்டு வந்தா நல்லது.

அடுத்தது ரிலே, அதாவது சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட ஆன் பண்ற ஸ்விட்ச்சு. அம்பது வருஷம் திருகின கீ ஸ்விட்ச்சு உள்ள தேஞ்சிருக்கும், அத நம்பி கிட்டுக்கும் காயிலுக்கும் லோடு குடுக்க எங்களுக்கு மனசு வரல. பேட்டரிலருந்து 15 ஆம்ப் ஃபியூஸ் வழியா ரிலேவோட 30-ம் நம்பர் முனைக்கு, 87-லருந்து புது ரெண்டரை ஸ்கொயர் ஒயர்ல கிட்டுக்கும் காயிலுக்கும் (ஒன்றரை ஓம் காயில்னா அதுக்கு முன்னாடி பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கணும்), 85 எர்த்து, 86-க்கு பழைய காயில் ஒயர். அந்தப் பழைய ஒயர் ரெசிஸ்டன்ஸ் ஒயரா இருந்தாலும் இங்க கவலை இல்ல, ரிலே இழுக்கறது ரொம்ப கம்மி கரண்ட், அதுல வோல்ட்டேஜ் பெருசா எறங்காது.

இதுல நாங்களே ஒருவாட்டி தப்பு பண்ணியிருக்கோம். 86-க்கு கீல கைக்கு கெடைச்ச முனைலருந்து எடுத்துட்டோம், செல்ஃப் எவ்ளோ அடிச்சாலும் வண்டி எடுக்கல, கீய வுடற அந்த ஒரு நொடில மட்டும் டக்குனு ஒரு வெடி வெடிச்சு அடங்கிடும். அரை நாள் டைமிங்க (பொறி அடிக்கற நேரத்த) தேடிக்கினு இருந்தோம். கடைசில பாத்தா கீய ஸ்டார்ட் பக்கம் திருப்பினா அந்த முனைல கரண்டே கட்டாவுது, வுட்டாத்தான் வருது. அன்னைலருந்து செல்ஃப் அடிக்கும்போதும் 86-ல கரண்ட் நிக்குதான்னு டெஸ்ட் லாம்ப் வச்சு பாக்காம நாங்க ஒயர் முடிக்கறதில்ல. அதே மாதிரி ஆல்டர்னேட்டர் போட்ட சில வண்டில கீய ஆஃப் பண்ணாலும் எஞ்சின் நிக்காம ஓடும், சார்ஜிங் லாம்ப் வழியா கரண்ட் திரும்பி வந்து ரிலேவ புடிச்சு வச்சிருக்கும், அந்த லாம்ப் ஒயர்ல ஒரு டயோடு (கரண்ட்ட ஒரு பக்கம் மட்டும் வுடறது) போட்டா சரியாயிடும்.

எர்த்து. இதுக்குத்தான் எங்க நேரம் அதிகமா போவுது, பலன் தர்றதும் இதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய தொறந்து பாருங்க, பாயிண்ட் தட்டுலருந்து பாடிக்கு சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிசு பின்னல் ஒயர் போவும். வேக்கும் (எஞ்சின் உறிஞ்சற காத்து) அந்தத் தட்ட இழுக்கறப்பல்லாம் அது வளைஞ்சு வளைஞ்சு நாலு இழைல தொங்கிக்கினு இருக்கும், கண்ணாடி போட்டுப் பாத்தாதான் தெரியும். அத மாத்தாம புது கிட்டு போட்டு பிரயோஜனமே இல்ல. எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவுல போற பெரிய எர்த் ஸ்ட்ராப்பையும் கழட்டி துரு சுரண்டி திரும்ப முறுக்கறோம். ஒயர் ஜாயிண்டு எங்கயும் முறுக்கி டேப் சுத்தறது கெடையாது, லக் அழுத்தி ஸ்லீவ் போடறோம், ஏன்னா நம்ம ஊரு கத்திரி வெயிலுக்கு டேப் பசை உருகி வழிஞ்சிடும். தனியா மாட்யூல் வர்ற டைப்பா இருந்தா மேனிஃபோல்டு பக்கமே வக்க மாட்டோம், காத்து படற எடத்துல அடியில வெள்ளை ஹீட் பேஸ்ட் தடவித்தான் வப்போம்.

பிளக் ஒயர் பழைய சுத்த காப்பர்ல இருந்தா மாத்தித்தான் ஆவணும், அதுலருந்து வர்ற எரைச்சல் சென்சார கொழப்பும். கிட்டு மாட்டினதும் டைமிங் மாறிடும், லைட் வச்சு திரும்ப வைக்கணும், அத வுட்டுட்டு ஓட்டி ஏலகிரி பதினாலு வளைவுல இழுவை இல்லன்னு சொன்னா கிட்டு என்ன பண்ணும்.

இனிமே நீங்க பாத்துக்க வேண்டியது ரெண்டு விஷயம், தயவுசெஞ்சு வீட்ல ஓட்டற எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. எஞ்சின் ஓடாம கீய ஆன்ல வுடாதீங்க. ஆடிக் கிருத்திகைக்கு சாமி ஊர்வலத்துக்கு வண்டிய ஜோடிச்சு, சீரியல் லைட்டுக்காக கீய ஆன்ல வச்சு காயில் போன வண்டி போன வருஷமே வந்துச்சு. லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் பேட்டரிலருந்து தனி ஒயர் நாங்களே இழுத்துத் தர்றோம், காசு வேணாம். ரெண்டாவது, பேட்டரி எறங்கிட்டா வழில போற லாரிய நிறுத்தி கேபிள் மாட்டாதீங்க, இன்னைக்கு பெரிய லாரிங்க பெரும்பாலும் 24 வோல்ட்டு, பாயிண்ட் இருந்தப்போ தப்பிச்சிருக்கலாம், மாட்யூல் தப்பிக்காது.

வண்டிய காலைல ஒம்போது மணிக்குள்ள கொண்டாங்க, எஞ்சின் ஆறின நெலைல ஒருவாட்டி, சூடு ஏறினப்புறம் ஒருவாட்டி அளக்கணும். மறுநாள் சாயந்தரம் நீங்க வந்ததும் உங்க முன்னாடியே ஓடற எஞ்சின்ல பேட்டரி பிளஸ்ஸுக்கும் கிட்டோட சிவப்பு ஒயருக்கும் மீட்டர் வச்சு காட்டுவோம், வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல இருந்தா வண்டிய எடுத்துக்கினு போவாதீங்க, நாங்களே வுட மாட்டோம். கழட்டின பாயிண்ட்டு, கன்டென்சர் ரெண்டையும் துணில சுத்தி டேஷ்போர்டுல வச்சுத் தருவோம், தூக்கிப் போட்டுடாதீங்க, நடுராத்திரி ஜவ்வாது மலைல மாட்யூல் போச்சுன்னா அத மாட்டித்தான் வீட்டுக்கு வரணும்.

இப்படிக்கு,
உங்க ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை, வேலூர்