அந்த இரண்டு மதிப்பெண்

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்பு நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பிய உன் பேரன், பதிவு பெறுவதற்கான தகுதித் தேர்வில் இரண்டே மதிப்பெண்ணில் தவறிவிட்டான் என்று எழுதியிருந்தாய். ‘எவனோ குத்துமதிப்பாகப் போட்ட எல்லையில் பிள்ளையின் காலம் வீணாகிறது’ என்ற உன் வரியை இரண்டு முறை படித்தேன். ஓய்வு பெறுவதற்கு முன் அத்தகைய தேர்ச்சி எல்லையை வகுக்கும் குழு ஒன்றில் நானும் சில ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். ஆகவே, அந்த ‘எவனோ’ என்ற சொல் என்னையும் கொஞ்சம் சுட்டது.

நாம் வளர்ந்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டது உனக்கு நினைவிருக்கும். குலை வெட்டப் போகிறவர்களிடம் கங்காணி, மரத்தடியில் பழுத்து விழுந்த உதிரிப் பழம் இத்தனை கிடந்தால்தான் வெட்டலாம் என்பார்; இருப்பதில் நன்றாகப் பழுத்த நூறு குலைகளை வெட்டிக்கொண்டு வா என்று ஒருநாளும் சொன்னதில்லை. மருத்துவத் தகுதித் தேர்வும் அப்படித்தான். மேலே வரும் 70 விழுக்காட்டினர் தேறுவர் என்று வைத்தால், கூட்டமே சோடையான ஆண்டில் காய்களும் உள்ளே வந்துவிடும். கெட்டிக்காரர்கள் நிறைந்த ஆண்டில் நல்ல பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். என்றைக்கும் 50 தான் என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்வதும் நியாயமாகாது. வினாத்தாள் ஒருமுறை கடினமாகவும் ஒருமுறை எளிதாகவும் அமையும்போது, அந்த 50க்குப் பொருள் மாறிக்கொண்டே இருக்கும்.

எங்கள் குழு பின்பற்றியது அங்கோஃப் முறை. வில்லியம் அங்கோஃப் என்ற அமெரிக்கர் 1971இல் ஒரு நீண்ட கட்டுரையில் போகிற போக்கில் எழுதியது அது. இன்று உலகம் முழுவதும் புழங்கும் வடிவமோ அக்கட்டுரையின் அடிக்குறிப்பில் கிடந்தது. ஒவ்வொரு வினாவையும் எடுத்து, தகுதியின் கடைசிப் படியில், மட்டுமட்டாகத் தேறும் நிலையில் நிற்கும் நூறு பேரில் எத்தனை பேர் இதற்குச் சரியாக விடையளிப்பார்கள் என்று ஒவ்வொரு நடுவரும் மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடுகளின் சராசரியை எல்லா வினாக்களுக்கும் கூட்டினால் தேர்ச்சி எல்லை கிடைக்கும். 200 வினாக்களில் சராசரி 62 விழுக்காடு என்று வந்தால், எல்லை 124.

கேட்க எளிதாக இருந்தாலும், அந்தக் கடைசிப் படிக்காரன் யார் என்பதில்தான் காலைப் பொழுது முழுவதும் போகும். டெங்கிக் காய்ச்சலில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, இரத்தச் செறிவு ஏறும்போது என்ன செய்ய வேண்டும் என்ற வினாவுக்கு நான் 90 போட்டேன்; நம் ஊர்ப்பக்கம் வேலை பார்க்கப் போகிறவனுக்கு அது தெரியாமல் எப்படி என்பது என் வாதம். பக்கத்தில் இருந்தவர் 60 போட்டார். நான் என் மனத்தில் வைத்திருந்தது எனக்குப் பிடித்த மாணவனை, கடைசிப் படிக்காரனை அல்ல என்று அவர் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. இதய மருத்துவர் இதய வினாக்களுக்கு அள்ளிப் போடுவதும் இதே நோய்தான். அதனால், தேர்வர்கள் உண்மையில் எப்படி விடையளித்தார்கள் என்ற கணக்கைக் காட்டிவிட்டு, இரண்டாம் சுற்றில் எங்களைத் திருத்திக்கொள்ளச் சொல்வார்கள். அன்று நான் 75க்கு இறங்கினேன். இன்னும் கூட அது குறைவு என்றே நினைக்கிறேன்.

நோயாளியாக நடிப்பவர்களை வைத்து நடத்தும் ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வுக்கு வேறு வழி உண்டு. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவப் பேராசிரியர் அறிமுகப்படுத்திய தேர்வு அது. தேர்வர் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் ஒவ்வொரு நிலையத்திலும், தேர்வு நடத்துபவர் செய்ய வேண்டியவற்றின் பட்டியலைப் பார்த்து மதிப்பெண் போடுவதோடு, மொத்தத்தில் இவர் தேறியவரா, தவறியவரா, எல்லையில் நிற்பவரா என்றும் தனியாகக் குறிப்பார். இரண்டையும் பொருத்திக் கணக்கிட்டு, எல்லையில் நிற்பவருக்குரிய மதிப்பெண்ணே அந்த நிலையத்தின் எல்லையாக வைக்கப்படும்.

ஒருமுறை போட்ட எல்லை கல்வெட்டும் அல்ல. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதற்படியில் எல்லை 194ஆக இருந்ததை 2022 ஜனவரியில் 196ஆக உயர்த்தினார்கள். அதே மாதம் 26ஆம் நாளிலிருந்து மதிப்பெண்ணே சொல்லாமல், தேறினாய் அல்லது தவறினாய் என்று மட்டும் அறிவிக்கிறார்கள்.

இப்போது உன் இரண்டு மதிப்பெண்ணுக்கு வருகிறேன். எந்தத் தேர்விலும் அளவைப் பிழை, அதாவது திறனை அளப்பதில் நேரும் தடுமாற்றம், உண்டு. அது மூன்று மதிப்பெண் என்றால், ஒருவனின் உண்மைத் திறனுக்கும் அன்று அவன் எடுத்த மதிப்பெண்ணுக்கும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை மூன்றுக்குள்தான் இடைவெளி இருக்கும். மற்ற முறைகளில் அதற்கும் மேலே போகும். ஆகவே, உன் பேரன் உண்மையில் தகுதி பெற்றவனாகவே இருக்கலாம். ஆனால், எல்லைக்கு இரண்டு மதிப்பெண் மேலே தேறியவர்களில் தகுதியற்றவர்களும் இருக்கலாம் அல்லவா? தகுதியுள்ளவன் தவறினால் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மறுபடி எழுதுகிறான். தகுதியற்றவன் தேறினால் அதைச் சுமப்பவர், காய்ச்சலோடு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் படுத்திருக்கும் யாரோ ஒரு கிழவி. இதனால்தான் சில தேர்வுக் குழுக்கள் கணக்கில் வந்த எல்லைக்கு மேல் ஒரு அளவைப் பிழையையும் வேண்டுமென்றே கூட்டி வைக்கின்றன. அது கொடுமை என்று முதலில் நினைத்தவன்தான் நானும்.

மருத்துவர் பற்றாக்குறை இருக்கும்போது எல்லையைக் கொஞ்சம் இறக்கினால் என்ன என்று கேட்டிருந்தாய். அது ஆலைக்கு டன் கணக்கு குறைகிறது என்று காய்க்குலையை வெட்டுவது போன்றது. பற்றாக்குறைக்கு இடங்களைக் கூட்டலாம், பயிற்சியைக் கூட்டலாம். உதிரிப் பழத்தின் எண்ணிக்கையில் கை வைக்கக் கூடாது.

ஒன்றில் மட்டும் உன் கோபம் எனக்கும் உண்டு. எல்லை எப்படி வந்தது, எந்தப் பகுதியில் பிள்ளை சறுக்கினான் என்பதைத் தவறியவனுக்கு நாலு வரியில் எழுதித் தருவதற்கு என்ன தடை? குழுவில் இருந்தபோது இதைக் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை.

பேரனை இரண்டு வாரம் இங்கே அனுப்பி வை. நிலையத் தேர்வுக்கு நானே பயிற்சி தருகிறேன். நோயாளியாகவும் நானே உட்காருவேன். முழங்கால் வலியை மட்டும் நடிக்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
உன் பழைய லயத்து நண்பன்