தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கடிதம்

அன்பு மாப்ள,

கோயம்புத்தூர் பம்பு கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்துக் காட்டியதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இங்கே தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். அப்பா பகலெல்லாம் வலை பொத்துகிறார். சாயங்காலமானால் "பிஎஸ்சி முடிய இன்னும் ஒரு வருஷம்தானே, அப்புறம் என்ன?" என்று ஆரம்பித்துவிடுகிறார். நீயும் அதையேதான் கேட்டிருக்கிறாய்.

பிளஸ் டூவில் கருந்துளை கருந்துளை என்று உன் உயிரை வாங்கினேனே, அது இன்றும் பிடிக்கும். ஆனால் அதைக் கதை மாதிரிதான் வாசிக்கிறேன், பேனாவை எடுக்கத் தோன்றுவதில்லை. ஆராய்ச்சிக்கு எந்தத் துறை போகலாம் என்று ஒரு பட்டியலோடு எங்கள் சாரிடம் போனேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரும் சொல்லாமலே இதில் எதையாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கியா?" என்றார். போட்டது ஒன்றுதான், அது பட்டியலிலேயே இல்லை. பாம்பன் கால்வாய்.

வாடைக்காலத்தில் அங்கே தண்ணீர் தெற்கே ஓடும், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் வடக்கே திரும்பும். நம்ம ஊரில் இது தெரியாத ஆள் யார்? காற்று தண்ணீரைத் தள்ளி ஒரு பக்கமாக ஏற்றிவைக்கிறது. எவ்வளவு ஏறும்? நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று, 100 கிலோமீட்டர் நீளக் கடல், 10 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள். கிட்டத்தட்ட அரை அடி வருகிறது! அதே கடல் 100 மீட்டர் ஆழமாக இருந்தால் ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஆழம் குறையக் குறைய ஏற்றம் அதிகம். நாம் பெண்கடல் என்கிற வடகடல், அதாவது பாக் விரிகுடா, முழுக்க ஆழம் குறைந்ததுதானே.

அப்புறம் இதே கணக்கோடு தனுஷ்கோடிக்கு வந்தேன், 1964 டிசம்பர் புயலுக்கு. புயலில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் உயரும். நம்ம வங்கக்கடலில் எவ்வளவு பெரிய புயலானாலும் அந்தக் கணக்கில் ஒரு மீட்டர்கூடத் தேறுவது கஷ்டம். ஆச்சி சொல்லும் அலை அதில் வராது. மிச்சமெல்லாம் காற்றும் ஆழமில்லாத கடலும் சேர்ந்து செய்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை மாப்ள.

எங்கள் பாடத்தில் கடல் என்ற பேச்சே கிடையாது. அதனால் ஐஐடி மாதிரி இடங்களில் எம்எஸ்சி சேர்வதற்கான ஜாம் தேர்வு எழுதி இயற்பியலிலேயே எம்எஸ்சி முடிக்க வேண்டும், பிறகு பிஎச்டிக்கு இந்தப் பக்கம் வரலாம். பெங்களூரு ஐஐஎஸ்சியில் வளிமண்டலத்துக்கும் கடலுக்கும் தனி மையமே இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "கடலப் படிக்கப் பெங்களூரு போகணுமாக்கும்" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். 10 மீட்டர் என்பது நான் சும்மா போட்ட எண். உன் சித்தப்பா படகில் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் இருக்கிறதே, தடை முடிந்து கடலுக்குப் போகும்போது போகிற வழியில் ஜிபிஎஸ் எண்ணோடு ஆழத்தையும் ஒரு நோட்டில் குறித்துத் தரச் சொல். நம்ம கடல்காரர் அளவான பாகத்தில் சொன்னாலும் சரி, மீட்டருக்கு நான் மாற்றிக்கொள்கிறேன். நான் கேட்டால் "எந்த நாட்டுக்குடா உளவு பாக்குற?" என்று சிரிப்பார். நீ போன் பண்ணிச் சொன்னால் மறுக்க மாட்டார். நோட்டு நான் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

உன்
மச்சான்