இடுப்பளவும் நாடித்துடிப்பும்

ஆசிரியருக்கு வணக்கம். பினாங்கு தண்ணீர்மலைப் பூங்காவில் காலையில் நடந்துவிட்டு பசியாற உட்காரும்போது, எங்கள் பேச்சு இனிப்புநீர், ரத்த அழுத்தம் இவற்றோடு நின்றுவிடுகிறது. கூடுதல் கொழுப்பு இதயத்தின் தாளத்தையே கெடுக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை.

இதயத்தை இரண்டு நரம்புக் கூட்டங்கள் நடத்துகின்றன. ஒன்று துடிப்பைக் கூட்டும், இன்னொன்று, முக்கியமாக வேகஸ் நரம்பு, தணிக்கும். வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர முதல் கூட்டத்தின் கை ஓங்கிவிடுகிறது. கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் இன்சுலினும் கூடுவது, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுவது எல்லாம் இதற்குக் காரணம். அப்புறம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் துடிப்பு வேகமாக இருக்கும், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இருக்கவேண்டிய சின்னச் சின்ன ஏற்ற இறக்கமும் குறையும் (அது இருப்பதுதான் நல்லது, பலர் நேர்மாறாக நினைக்கிறார்கள்). இதயத்தைச் சுற்றிப் படியும் கொழுப்போ மேலறைகளில் அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்புக்கு வழிவிடுகிறது. அதில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். பயமுறுத்த எழுதவில்லை. இந்தத் துடிப்புக் கோளாறு உள்ள பருமனானவர்களிடம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. 10 விழுக்காடோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களுக்குத் துடிப்பு நன்றாகவே சீரானது.

இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினாலே கவனம் தேவை. கோயில்களிலும் சங்கங்களிலும் மருத்துவ முகாம் நடத்துபவர்கள், சர்க்கரை பார்க்கும் மேசையிலேயே ஒரு அளவுநாடாவும் வையுங்கள், நாடியையும் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

— ஒரு வாசகர், பினாங்கு