மூன்றாம் நாள் வரும் நிமோனியா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தலையில் பலத்த அடிபட்ட குழந்தைகளுக்கும் அது பெரிய துணை. ஆனால் வென்டிலேட்டரால் வரும் நிமோனியா கணக்கில் சேர்வதே 48 மணி நேரம் கழிந்த பிறகுதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த குழந்தையும் மூன்றாம், நான்காம் நாளில் காய்ச்சலும் கெட்டிச் சளியுமாகக் கிடக்க நேர்கிறது.

நினைவு தப்பிய குழந்தைக்கு இருமத் தெரியாது. அடிபட்ட இடத்திலேயே வாந்தியும் ரத்தமும் நுரையீரலுக்குள் போயிருக்கலாம். போதாததற்கு, மூளைக்காயம் உடலின் எதிர்ப்புச் சக்தியையும் சில நாட்கள் தாழ்த்திவிடுகிறது. எச்சில், மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூபைச் சுற்றியுள்ள காற்றுப் பலூனான கஃப்புக்கு மேலே தேங்கிச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும்; குறைந்தால் எச்சில் இறங்கும், கூடினால் மூச்சுக்குழாய் புண்ணாகும். அளக்கச் சின்னக் கருவி ஒன்று போதும். அது இல்லாத வார்டில் டியூபின் வெளிமுனையில் உள்ள குட்டிப் பலூனை விரலால் அமுக்கிப் பார்ப்பதுதான் அளவு. விரலை நம்ப முடியாது.

தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தினால் மூளை அழுத்தமும் குறையும், இரைப்பையில் உள்ளது மேலேறுவதும் குறையும். ஸ்கேனுக்குப் போய்த் திரும்பிய குழந்தையை மட்டமாகவே படுக்க விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. வென்டிலேட்டர் குழாய்களைத் தினமும் மாற்றுவதைச் சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு வாசல் திறக்கிறது. அழுக்கானாலோ பழுதானாலோ மாற்றினால் போதும். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் உணவுக் குழாய் வாய் வழியாகத்தான் போக வேண்டும், மூக்கு வழியாகக் கூடாது.

மூளை நீரை வடிக்கும் டிரெயினைத் தொடத் தொட ஆபத்து. 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று தினமும் நீர் எடுத்து லேபுக்கு அனுப்புவது இல்லாத தொற்றை உள்ளே விடும் வேலை. தையலோரம் கசிந்தால் பஞ்சை வைத்து மறைக்காமல் உடனே நியூரோ சர்ஜனைக் கூப்பிட வேண்டும்.

மூளை அழுத்தத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தைக் கொடுக்கும்போது சிறுநீரை அளக்க வேண்டியிருப்பதால் கத்தீட்டர் என்ற சிறுநீர்க் குழாய் போடுகிறோம். மருந்து நின்ற பிறகும் அது தொற்றுக்கு வழியாக அப்படியே கிடக்கும். எடுக்கச் சொல்ல யாருக்கும் நினைவிருக்காது. டயப்பரை எடை போட்டாலும் கணக்கு வரும்: கூடுகிற ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி.

காய்ச்சல் வந்ததுமே மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவது இன்னொரு பழக்கம். மூளைக்காயமே காய்ச்சலைக் கிளப்பும். டியூப் சளியில் கிருமி வளர்ந்தது என்பதாலேயே அது நிமோனியா ஆகிவிடாது. எக்ஸ்ரேயும் ஆக்சிஜன் தேவையும் சேர்ந்து மாறியிருக்க வேண்டும். காய்ச்சலைத் தணிக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. மருந்து தொடங்குமுன் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு எடுத்துவிட்டு, 48 முதல் 72 மணி நேரத்தில் முடிவைப் பார்த்து, தொற்றுக்கு ஆதாரம் இல்லையென்றால் நிறுத்தும் துணிவும் வேண்டும். இல்லையேல் மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா, அசினிடோபாக்டர் போன்ற கிருமிகள் அடுத்த கட்டிலுக்குப் போகும்.

பெற்றோருக்கு ஒன்று: டியூப் எடுத்த அன்றே 'ஒரு வாய் இளநீர்தானே' என்று ஊட்ட வேண்டாம். விழுங்க முடிகிறதா என்று பரிசோதித்த பிறகே கொடுக்கலாம். விபூதியைத் தலைக்கட்டின் ஓரத்தில் பூசாமல் தலையணைக்கு அருகில் வையுங்கள். கை கழுவாமல் யார் குழந்தையைத் தொட வந்தாலும், டாக்டரே ஆனாலும், கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

வென்டிலேட்டரில் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரு ஷிஃப்டில் ஒரு செவிலியர் என்பது முறை. ஒருவரே மூன்று, நான்கு கட்டில்களைப் பார்த்தால் முதலில் விட்டுப்போவது கை சுத்தம்தான். இந்த எண்ணிக்கையைச் சுகாதாரத் துறை சரிசெய்ய வேண்டும். கஃப் அழுத்தமானியை ஒவ்வொரு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் வாங்கித் தர வேண்டும். 1,000 வென்டிலேட்டர் நாட்களுக்கு (ஒரு குழந்தை வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நாள் ஒரு வென்டிலேட்டர் நாள்) எத்தனை நிமோனியா என்ற கணக்கை மாதந்தோறும் வார்டு வாசலில் எழுதிப் போடவும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
மதுரை.