பணக்கவலை இல்லாவிட்டால் யார் வேலைக்குப் போவார்கள்?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

சென்ற வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. செலவுக்கு வேண்டிய பணம் மாதாமாதம் எப்படியும் வந்துவிடும் என்றால் இந்த வேலையை நாளைக்கே விட்டுவிடுவேன் என்றாய். எல்லாரும் அப்படியே விட்டுவிட்டால் ஊர் எப்படி நடக்கும் என்றும் நீயே கேட்டாய். அந்தக் கவலையில், வேலையை விட நினைப்பதே ஏதோ குற்றம் என்பது போன்ற ஒரு தயக்கம் உன் குரலில் இருந்தது. அதனால்தான் கொஞ்சம் படித்துப் பார்த்து, விரிவாக எழுதுகிறேன்.

நீ குடியிருக்கும் வின்னிபெக்கிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் டாஃபின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1974 முதல் 1979 வரை கனடாவின் மத்திய அரசும் மானிடோபா மாகாண அரசும் சேர்ந்து நடத்திய மின்கம் என்ற திட்டத்தின்கீழ், அவ்வூரில் எந்தக் குடும்பத்தின் வருமானமும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாதபடி பணம் கொடுத்தார்கள். வேலை செய்து சம்பாதித்தால் அந்த உதவி அடியோடு நின்றுவிடாது. ஈட்டும் ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட் மட்டும் குறையும். பிறகு அரசுகள் மாறின, நிதியும் தீர்ந்தது. திரட்டிய விவரங்கள் பெட்டி பெட்டியாகக் கிடங்கில் முடங்கின. பல ஆண்டுகள் கழித்து ஈவ்லின் ஃபோர்ஜே என்ற பொருளியலாளர் அவற்றைத் தேடிப் போனதோடு, அக்காலத்து மருத்துவப் பதிவுகளையும் பள்ளிப் பதிவுகளையும் எடுத்து ஆராய்ந்து, 2011இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுகிறவர்கள் அங்கே வேலையை விட்டுவிடவில்லை. வேலை நேரம் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைந்தது இரண்டு பிரிவினரிடம்தான்: கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்கள், பதின்ம வயதுப் பையன்கள். அந்தப் பையன்கள் ஊர் சுற்றப் போகவில்லை. இடையில் நின்றுவிடாமல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த மற்ற ஊர்க்காரர்களைவிட டாஃபின் மக்கள் மருத்துவமனையில் சேர்வதும் 8.5 விழுக்காடு குறைந்தது. விபத்து, காயம், மனநோய் ஆகியவற்றுக்காகச் சேர்ந்தவர்கள்தாம் முக்கியமாகக் குறைந்தவர்கள்.

கிராம சுகாதார செவிலியராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு இதைப் படிக்கும்போது மனம் எங்கே போகும் என்று உனக்கே தெரியும். பிரசவம் ஆகி உடம்பு தேறுவதற்குள் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போன பெண்களை நான் வீடு வீடாகப் போய்த் தடுத்திருக்கிறேன். கணவனுக்கு நிலையான சம்பளம் இருந்த பெண்கள் என் பேச்சைக் கேட்டார்கள். மற்றவர்கள் தலையசைத்துவிட்டு மறுநாள் காலையில் வயலில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி அந்த வேலைக்குப் போகாமல் இரண்டு மாதம் வீட்டில் இருந்திருந்தால், உலகத்துக்கு என்ன நட்டம் வந்திருக்கும்?

கூலி இல்லாவிட்டால் யாரும் கையை அசைக்கமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் தம் வீட்டு அடுப்பங்கரையைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். நம் நாட்டில் 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அவற்றில் செலவிடுகிறார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஒரு நாளும் விடுப்பு இல்லாமல்.

ஆகவே மக்கள் வேலை செய்வார்களா என்பதைவிட, எந்த வேலையை விடுவார்கள் என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மனிதர் கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும், இன்றுவரை அந்த நச்சுக்காற்றில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். சாதி அவர்களை அதன் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அன்றைய சாப்பாட்டுக்கு வேறு வழி இல்லாமை உள்ளே இறக்குகிறது. அவர்கள் வீட்டில் மூன்று மாதத்துக்கு அரிசியும் வாடகையும் உறுதியாக இருந்தால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். அப்போது, கழிவுநீர்க் குழிகளைச் சுத்தம் செய்யக் கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய பேண்டிகூட் போன்ற இயந்திரங்களை எல்லா ஊர்களும் தாமாகவே வாங்கும். பணக்கவலை நீங்கினால் நின்றுபோகும் வேலைகளில் முதலாவது இதுவாக இருக்குமானால், நிற்கட்டும்.

மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரியாவில் மரியென்டால் என்ற நெசவாலை ஊரில் 1930வாக்கில் ஆலை மூடப்பட்டு, ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. மரி யஹோடா என்ற சமூக உளவியலாளரும் அவருடைய தோழர்களும் அங்கே சென்று ஆராய்ந்து 1933இல் வெளியிட்ட நூலில் என்னை மிகவும் வருத்தியது நூலகக் கணக்கு: நேரம் முழுவதும் கையில் இருந்தும், நூலகத்தில் இரவல் வாங்கப்பட்ட புத்தகங்கள் 1929க்கும் 1931க்கும் இடையில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. ஆனால் அவர்களிடம் இருந்தது கவலையற்ற ஓய்வு அல்ல. உதவித்தொகை சொற்பமானது, அதுவும் சில காலத்தில் நின்றுவிடும், விறகுக்காக மரம் வெட்ட ஒத்தாசை செய்தால்கூடப் பறிபோய்விடும். அப்படியிருந்தும், நாளுக்கு ஓர் ஒழுங்கும் நாலு பேரோடு சேர்ந்து செய்ய ஒரு காரியமும் வேண்டும் என்பதை அந்த ஊரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

என்னையே எடுத்துக்கொள். ஓய்வூதியம் முதல் தேதி வந்துவிடுகிறது. இன்றும் நம் தெருவில் கர்ப்பிணிக்கு வாந்தி நிற்கவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், நானும் போகிறேன். ஆனால் இரவு பதினொரு மணிவரை விழித்திருந்து, கர்ப்பிணிகள், குழந்தைகள் பற்றிய விவரங்களை பிக்மி என்ற அரசுக் கணினித் தளத்தில் ஏற்றிய பதிவுகளை ஒருநாளும் நினைத்து ஏங்கியதில்லை.

உன் வேலையில் மனம் விரும்பிப் போகும் பிரசவ அறை எது, விட்டால் போதும் என்று தோன்றும் பதிவேடு எது என்பது எனக்குத் தெரியாது; அதை நீதான் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது; அப்பாவுக்கும் எனக்கும் ஓய்வூதியமே போதும். வரும் மாதத்திலிருந்து ஓராண்டுக்கு நீ இங்கே பணம் அனுப்ப வேண்டாம். அப்பாவும் இதற்குச் சம்மதித்துவிட்டார். உன் மாதச் செலவு எவ்வளவு, சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும், நிரந்தர வசிப்புரிமைக்கு இந்த வேலையில் நீடிப்பது கட்டாயமா என்ற மூன்றையும் விவரமாக எழுதி அனுப்பு. அதன் பிறகு மேற்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
அம்மா